வாழையிலையில் வைத்த காந்தம்

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு எங்கள் டிசைன் பிரிவில் சேர்ந்த பெண். இப்போது அந்தப் பிரிவே அவள் கையில். "மேடம், புதுசா வர்ற பிரிண்டிங் மிஷின்ல ஒவ்வொரு ரோலருக்கும் தனித்தனி மோட்டார் வந்துடுச்சு. இனிமே நம்ம காந்த கப்ளிங்குக்கு வேலையே இல்ல. உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டாள்.

எனக்கு என்ன கஷ்டம்? என் காலத்தில் அது ஓடியது, எனக்குச் சோறு போட்டது, அஸ்தினாபுரத்தில் வீடு கட்ட வைத்தது. இனி மோட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்றேன். அவள் விடவில்லை. "அப்படின்னா அந்த ஆயுத பூஜை விஷயத்தையாவது எழுதிக் குடுங்க. இங்க சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள். நம்பாவிட்டால் போகிறார்கள் என்று போனை வைத்துவிட்டேன். அன்று மத்தியானமே பேனாவைத் தேடிக்கொண்டு உட்கார்ந்தேன் என்பது வேறு விஷயம்.

நான் படித்த கதை இரண்டு வரிக்கு மேல் தாங்காது. மெக்கானிக்கல் டிப்ளமோ. வகுப்பில் பெண்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முடித்த கையோடு குரோம்பேட்டையில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அப்போது நாங்கள் ஊரப்பாக்கத்தில் இருந்தோம். பஸ்ஸில் தாம்பரம் வந்து, மின்சார ரயில் ஏறி, குரோம்பேட்டையில் இறங்கி நடப்பேன். "பொண்ணு கம்பெனியில டிராயிங் போடறா" என்று அம்மா பெருமையாகச் சொல்லிவைக்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் நான் எங்கோ காலண்டருக்கு சாமி படம் வரைகிறேன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அதைத் திருத்தவில்லை. கப்ளிங்கை விளக்குவதைவிட அது சுலபமாக இருந்திருக்கும்.

விளக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சாப்பாட்டுத் தட்டு அளவில் இரண்டு வட்டுகள். ஒவ்வொன்றின் முகத்திலும் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றிக் காந்தத் துண்டுகள் பதித்திருக்கும். இரண்டையும் தொடாமல், நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு எதிரெதிராக நிறுத்தினால், ஒன்று சுற்றும்போது மற்றதும் கூடவே சுற்றும். ஒன்று மோட்டார் பக்கம், இன்னொன்று ரோலர் பக்கம். அச்சு ஓடும்போது காகிதம் சுருண்டு ரோலரில் சிக்கிக்கொண்டால், பல்சக்கரம் வைத்த மிஷினில் பல் தெறிக்கும். யாராவது அவசரத்தில் கை கொடுத்திருந்தால் கையும் போகும். எங்கள் கப்ளிங் இருந்தால் காந்தம் வழுக்கிவிடும், ரோலர் நின்றுவிடும், கை பிழைக்கும். வழுக்க வேண்டிய நேரத்தில் வழுக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தோடுதான் நான் வாழ்நாள் முழுக்க மாரடித்தேன்.

எங்கள் தலைமை டிசைனர் தேவசகாயம் சார். கிழக்குத் தாம்பரத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர், திங்கட்கிழமை அதே பாட்டை ஆபீஸில் மூக்கால் முனகுகிறவர். 'தப்பு' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. டிராயிங்கில் ஏதாவது இடித்தால், பேசாமல் நம் மேஜைக்கு வந்து, நம் பென்சிலை எடுத்து, பிளேடால் சீவ ஆரம்பிப்பார். அவர் சீவி முடிப்பதற்குள் கோளாறு எங்கே என்று நாமே கண்டுபிடித்துவிட வேண்டும். முதல் வருடம் எனக்குப் பென்சில் வாங்கி மாளவில்லை. இன்னொரு பழக்கம், கப்ளிங்கை அவர் மரியாதையாகத்தான் அழைப்பார். "அவருக்குச் சூடு ஒத்துக்கல", "அவர் இன்னும் நடுங்கறார், கவனி" என்பார். நடுக்கம் நிஜமாகவே உண்டு. காந்தப் பிடி ரப்பர் மாதிரி இழுபடும் பிடி. அதனால் ரோலர் லேசாக முன்னும் பின்னும் ஆடும். ஆடினால் பிஸ்கட் உறையில் சாயம் பட்டை பட்டையாக விழும். வட்டுக்குப் பின்னால் அலுமினிய வளையம் வைத்து அந்த ஆட்டத்தை அடக்க எனக்கு ஒரு கோடைக்காலம் முழுதும் பிடித்தது. பட்டை மறைந்த அன்று சார் அந்த உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூங்கிட்டார்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு யாரும் தந்ததில்லை.

காந்தம் ஏற்றும் அறைக்கு அவர் வைத்த சட்டம் கடுமையானது. வாசலில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் இருக்கும். வாட்ச், சாவிக்கொத்து எல்லாம் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எனக்குக் கூடுதலாக ஹேர்பின், புடவையில் குத்திய பின்கள். ஒருநாள் தோள் பின்னை மறந்து போய்விட்டேன். வட்டுக்குப் பக்கத்தில் குனிந்ததுதான் தாமதம், பின் விறைத்துக்கொண்டு முந்தானையை இழுத்தது. சார் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "அவர் கூப்பிடறார்மா, போயிடாதே" என்றார். அந்த அறையில் இன்னொரு சட்டமும் உண்டு. காந்தம் ஏறியதும் வட்டை அப்படியே தூக்கக் கூடாது. முதலில் அதன் முகத்தை ஒரு தேனிரும்புத் தகட்டால் மூட வேண்டும், பிறகுதான் நகர்த்த வேண்டும். இரண்டு வட்டையும் எதிரெதிரே பொருத்திய பிறகு தகட்டை உருவி எடுக்கலாம். சோற்றுப் பானைக்கு மூடி போடுவது போல அது எங்கள் கைக்குப் பழகிவிட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

எண்பதுகளின் நடுவில் முடிச்சூர் சாலையில் ஒரு அச்சகம் எங்களிடம் கப்ளிங் கேட்டது. மிட்டாய்க்கும் சோப்புக்கும் உறை அடிக்கிற இடம். ரோலருக்குப் பக்கத்திலேயே சாயத்தை உலர்த்தும் சூடான அடுப்பு. அங்கே ரேடியோ ஸ்பீக்கருக்குப் பின்னால் இருக்குமே கறுப்புக் காந்தம், அதை வைத்தால் சூட்டில் தளர்ந்துபோகும். அதனால் அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த அல்நிகோ காந்தத்தைத் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு சூடு போட்டாலும் அது அசையாது. கணக்கு, டிராயிங் எல்லாம் நானே. சார் என் பென்சிலைத் தொடவே இல்லை. கப்ளிங் மாதக்கணக்கில் ஒரு சொல் கேட்காமல் ஓடியது. நான் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்து மிஷின் ஓட்டியதும் ரோலர் வழுக்கியது. காகிதம் எதுவும் சிக்கவில்லை. சும்மாவே வழுக்கி, சாயம் இடம் மாறி விழுந்தது. கழற்றிக் கொண்டுவந்து பார்த்தோம். காந்தம் இளைத்திருந்தது. ஏற்றும்போது ஏதோ குறை என்று நினைத்து மறுபடி ஏற்றிக் கொடுத்தோம். பழையபடி ஓடியது. அடுத்த வருடம், பூஜை முடிந்த மறுநாள் அதே வழுக்கல். தீபாவளி மிட்டாய் உறைகளுக்கு ஆர்டர் குவிந்து கிடக்கிற சமயம்.

அச்சக முதலாளிக்கு இதில் மர்மமே தெரியவில்லை. பூஜைக்கு முன்னால் போனஸ் விஷயமாக ஆட்களோடு வாக்குவாதம் நடந்திருந்தது. அதில் முன்னால் நின்று பேசியவர் மிஷின்மேன் ஏழுமலை. அவர்தான் ஆத்திரத்தில் கப்ளிங்கைக் கெடுத்திருக்கிறார் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். எல்லார் எதிரிலும் "திருட்டுத்தனமா மிஷின்ல கை வெச்சிருக்கே" என்று கத்தி, அவரை மிஷினிலிருந்து இறக்கி, அச்சான உறைகளைக் கயிறு போட்டுக் கட்டும் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். எங்களுக்குச் சொல்லி அனுப்பினார். நாங்கள் வந்து கப்ளிங்கைப் பார்த்து, இது மனிதர் கை வைத்ததால் வந்த கோளாறுதான் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே ஏழுமலையை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

தேவசகாயம் சாரும் நானும் போனோம். ஏழுமலை நாற்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று உயரம். கட்டுக் கயிற்றோடு எழுந்து வந்தார். "இன்னா சார், நீங்களும் என்னையேதான் கை காட்டப் போறீங்களா?" என்றார்.

"பாக்காம எப்படிச் சொல்றது?" என்றார் சார்.

"வேல போனா போவுது சார். இந்த ரோடு முச்சூடும் பிரஸ்தான் கீது, எங்கியாவது கெடைக்கும். மிஷின கெடுத்தவன்னு பேரு வந்துச்சின்னா எவன் என்ன மிஷின் கிட்ட வுடுவான்? நானு இந்த மிஷின ஒரு நாளு காலால தொட்டதில்ல சார்."

எனக்கு அவர் பேச்சை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கப்ளிங்கின் விளிம்பைச் சுற்றி ஒரு இரும்பு ஆணியை ஒட்டி ஒட்டி இழுத்துப் பார்த்தேன். அடி பட்ட தடம் இல்லை. சுத்தியலால் தட்டியிருந்தால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இளைத்திருக்கும். இது சுற்றிலும் ஒரே சீராக இளைத்திருந்தது. யாரோ பொறுமையாக, கவனமாகக் கெடுத்த மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் பயமாகவும் இருந்தது.

சார் ஏழுமலையிடம் திரும்பினார். "பூஜைக்கு முன்னாடி என்னவெல்லாம் செய்வீங்களோ, அதை அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க. ஒண்ணு விடாம."

ஏழுமலை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். ஸ்பேனர்களை வரிசையாக எடுத்து வைத்தார். மேல் மூடியைக் கழற்றினார். கப்ளிங்கின் போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுவில் மர ஆப்பு ஒன்றைச் செருகி, இரண்டு வட்டையும் மெல்லப் பிரித்தார். ஒரு கீறல் விழவில்லை. ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, பழைய பனியன் துணியால் ஒவ்வொரு காந்தமாகத் துடைத்து, ஒன்றை இந்தப் பக்கம், இன்னொன்றை அந்தப் பக்கம் வைத்தார். "அன்னிக்கு வாழெல போட்டு வெப்பேன் சார். சந்தனம், குங்குமம், பூ. ராத்திரி முச்சூடும் சாமி முன்னாடி அப்டியே இருக்கும். காலையில எட்துத் திரும்ப மாட்டுவேன்."

நான் சாரைப் பார்த்தேன். சார் அந்த இரண்டு வட்டுகளையும் பார்த்துக்கொண்டு நின்றார். வெறும் முகத்தோடு, மூடித் தகடு இல்லாமல், தனித்தனியாகக் கிடந்தன. சூட்டுக்கு அசையாத அல்நிகோவின் பலவீனம் இதுதான். எதிரில் இரும்பு இல்லாமல் பிரித்து வைத்தால் தன் பலத்தைத் தானே தின்றுவிடும். மறுபடி ஏற்றினால்தான் திரும்ப வரும். எங்கள் அறையில் தினமும் தகடு போட்டு மூடியது இதற்காகத்தான். இந்த மனிதர் கப்ளிங்கைக் கெடுத்தது உண்மை. சாமியாக நினைத்துக் குளிப்பாட்டிக் கெடுத்திருக்கிறார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் முட்டியது.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். பிரிந்து கிடந்த வட்டுகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? மூடி மேலயே 'கழட்டக் கூடாது'ன்னு இங்கிலீஷ்ல நீங்களே போட்டிருக்கீங்க. இவன் கழட்டியிருக்கான். அதைச் சொல்லுங்க, போதும்."

சொன்னால் எங்களுக்கு ஒரு வம்பும் இல்லை. எழுத்து எங்கள் பக்கம். கம்பெனி பெயர் கெடாது, என் டிசைனும் கெடாது. தேவசகாயம் சார் மேஜை மேல் இருந்த முதலாளியின் பென்சிலை எடுத்து, சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்து, சீவ ஆரம்பித்தார். முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இந்த முறை அந்த ஆள் கண்டுபிடிக்க மாட்டார், பென்சில்தான் வீணாகும் என்றும் புரிந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், பூஜை அன்னிக்கு இந்த ரெண்டும் இலையில இருந்துச்சு இல்லையா? அதுக்கு முன்னாடி நின்னு கற்பூரம் காட்டினது யாரு?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான்தான். அதுக்கென்ன?"

"ரெண்டு வருஷமும் கழட்டி வெச்சதை நீங்க பாத்திருக்கீங்க. கும்பிட்டிருக்கீங்க. கழட்டக் கூடாதுன்னு அப்ப உங்களுக்கும் தோணலையே?"

சார் பென்சிலைக் கீழே வைத்தார். "ஊர் முழுக்க வருஷத்துக்கு ஒரு தடவை மிஷினைக் கழட்டிக் கழுவிப் பொட்டு வைக்கிற இடத்துல, கழட்டினா கெட்டுப் போற சாமானை நாங்க செஞ்சு குடுத்திருக்கோம் சார். கணக்குல விட்டுப்போனது எங்க பக்கம். இவர் மேல ஒண்ணும் இல்ல" என்றார். ரொம்ப மெதுவாகத்தான் சொன்னார். அச்சகத்தில் எல்லாருக்கும் கேட்டது.

முதலாளி லேசில் நம்பவில்லை. ஆகவே கப்ளிங்கைக் குரோம்பேட்டைக்குக் கொண்டுபோய் மறுபடி ஏற்றி எடுத்துவந்தோம். வட்டில் ஒரு இரும்புக் கையைப் பூட்டி, ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டி, எவ்வளவு இழுத்தால் வழுக்குகிறது என்று அவரையே இழுத்துப் பார்க்கச் சொன்னோம். முக்கி முனகித்தான் வழுக்க வைத்தார். பிறகு அவர் கையாலேயே வட்டுகளைப் பிரித்து, உடனே சேர்த்து, மறுபடி இழுக்கச் சொன்னோம். இந்த முறை முக்க வேண்டியிருக்கவில்லை. தராசையும் ஏழுமலையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, மிஷினுக்குப் போ" என்றார். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை வரவில்லை. ஏழுமலை கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போனார்.

போகிற போக்கில் முதலாளி ஒரு யோசனை சொன்னார். இனிமேல் கப்ளிங்கை மட்டும் கழற்றாமல் பூஜை போட்டால் என்ன?

மிஷின் பக்கத்திலிருந்து ஏழுமலை குரல் கொடுத்தார். "எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிகினு, இவர மட்டும் அழுக்கோட வுட்டா நல்லா கீதா மொதலாளி?"

அவர் 'இவர்' என்றதும் தேவசகாயம் சார் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். திரும்பும் வழியெல்லாம் மூக்கால் பாடிக்கொண்டே வந்தார்.

அப்போதைக்குக் கப்ளிங்கை இன்னொரு முறை ஏற்றிக் கொடுத்தோம். அடுத்த ஒரு வருடம் முழுக்க, கழற்றினாலும் இளைக்காத கப்ளிங் செய்வதே எனக்கு வேலை. கப்ளிங்கோடு ஒட்டியே இரண்டு தேனிரும்புத் தகடுகள் இருக்க வேண்டும். வட்டுகளைப் பிரிக்குமுன் அவற்றை இடைவெளிக்குள் தள்ள வேண்டும். பிரிக்கும்போது ஆளுக்கொன்றாக இரண்டு முகத்திலும் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். மெல்லிய தகடு போட்டால் காந்தத்துக்குப் போதவில்லை. தடிமனான தகடு இடைவெளியில் நுழையவில்லை. இடைவெளியை அகலமாக்கினால் பிடி தளர்ந்தது. கடைசியில் வட்டையே கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கு இடம் தர மிஷின் மூடியை மாற்றி, ஒரு வழியாகக் கொண்டுவந்தேன். சார் மூன்று பென்சிலைச் சீவித் தீர்த்தார். தகடுகளை முழுதாக உள்ளே தள்ளினால் ஒழிய போல்ட் மேலிருக்கும் மூடி திறக்காதபடி ஒரு கொண்டியும் வைத்தேன். 'கழட்டக் கூடாது' என்ற எழுத்தை எடுத்துவிட்டோம். இப்போது யார் வேண்டுமானாலும் கழற்றலாம், பொட்டு வைக்கலாம், பூச்சூட்டலாம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு எங்கள் இருவரையும் அச்சகத்துக்கு அழைத்திருந்தார்கள். முதல் நாள் ஏழுமலை தகடுகளைத் தள்ளி, கொண்டியைத் திறந்து, வட்டுகளைப் பிரித்துக் கழுவினார். தகட்டோடு சேர்த்து வாழையிலையில் வைத்துச் சந்தனம் பூசினார். மறுநாள் காலை மறுபடி போனோம். கப்ளிங் மாட்டியாகிவிட்டது, தகடுகள் வெளியே வந்துவிட்டன. ஆட்கள் எல்லாரும் புதுச் சட்டையில் மிஷினைச் சுற்றி நின்றார்கள். சுவிட்ச் போடுமுன் கற்பூரம் காட்டுவது எப்போதும் முதலாளிதான். அன்று அவர் கற்பூரத்தை ஏற்றி, தட்டை ஏழுமலையிடம் நீட்டினார். "இந்தா, நீ காட்டு."

ஏழுமலை கை நீட்டவில்லை.

"அன்னிக்கு இதே எடத்துல, இவங்க அல்லார் முன்னாடியும் என்னைத் திருடன்ற மாதிரி பேசினீங்க மொதலாளி" என்றார். குரலில் கோபமே இல்லை. "மொதல்ல வாயால சொல்லிடுங்க. அப்பால தட்ட வாங்கிக்கிறேன்."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. முதலாளி தட்டைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

"நான் பேசினது தப்பு ஏழுமலை" என்றார் முதலாளி. பிறகு, பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது என்று தோன்றியதோ என்னவோ, இன்னும் கொஞ்சம் சத்தமாக, "இவன் மேல தப்பில்ல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றார்.

ஏழுமலை இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். மிஷினுக்கு மூன்று சுற்று காட்டினார். முதலாளிக்கும் காட்டினார், அவர் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். யாரோ சுவிட்சைப் போட்டார்கள். மிஷின் கிளம்பி, உறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. ஆட்கள் ஏழுமலையின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வாயெல்லாம் பல்லாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வருடம் பாடுபட்ட என் கப்ளிங் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று பார்க்க எனக்கு ஞாபகமே வரவில்லை.